எலிகளின் கடிகாரமும் பூங்கொடியின் ஷிப்டும்

மலேசியாவில், தாப்பாவிலிருந்து மலை ஏறத் தொடங்கிய பேருந்து பாதி வழியில், ஓர் அருவிக்கு எதிரே, புகை விட்டுக்கொண்டு நின்றுபோனது. ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம். ஓட்டுநர் எங்களை இறக்கிவிட்டு, அருவித் தண்ணீரை வாளியில் பிடித்துப் பிடித்து ஊற்றினார். கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் வாந்தியெடுக்காமல் ஏறி இறங்கியவன் என்ற மமதை எனக்கு இருந்தது. அந்த மமதை அன்று வயிற்றிலிருந்து தொண்டைக்கு வந்து நின்றது. பக்கத்து இருக்கைக்காரரான மலாய்ப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து உப்புப் போட்டுக் காயவைத்த புளிப்புப் பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கடிக்காதே, வாயில் அடக்கிக்கொள் என்று சைகை காட்டினார். ஒரு நிமிடத்தில் வயிறு அடங்கியது.

அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் துறையூரிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"போய்ச் சேந்துட்டியா? பூங்கொடிகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லு. நீதான் அந்த மாத்திரை ஆராய்ச்சியிலயே இருக்கியே, நீ சொன்னா கேப்பா. மனசுக்கு மாத்திரை திங்கிற குடும்பம்னு நமக்குப் பேரு வேணாம்."

"சரிம்மா" என்றேன்.

அப்படிச் சொன்னபோது என் தோள்பையில், சட்டைகளுக்கு நடுவே, அதே வகை மாத்திரை அட்டை இருந்தது. இரண்டு வருடமாகத் தினமும் காலையில் ஒன்று சாப்பிடுகிறேன். என் மனைவிக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விலங்குக் கூடத்தின் பொறுப்பாளன் நான். விஞ்ஞானி இல்லை. எலிகளுக்குத் தீனி, தண்ணீர், படுக்கைத் தூள், வெளிச்சம், வெப்பம் எல்லாம் என் கையில். எங்கள் ஆய்வாளர்கள் மனச்சோர்வு மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் மூளையிலுள்ள வேதிப்பொருள்கள் ஒரு நாளுக்குள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்க்கிறார்கள். துறையூரில் எங்கள் உறவுக்காரர்களிடம் இதைச் சொன்னால் "எலி வளக்குறான்" என்பதோடு முடிந்துவிடும்.

பூங்கொடி என் சித்தி மகள். இருபது வருடங்களுக்கு முன் கல்யாணம் ஆகி மலேசியா போனவள். அவள் மாத்திரை சாப்பிடும் சேதி எப்படியோ கடல் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வா என்று அம்மா என்னை அனுப்பியிருந்தாள்.

ரிங்லெட் ஊரில் நான் பேருந்திலிருந்து இறங்கியபோது சுந்தரம் லாரியோடு காத்திருந்தார். பூங்கொடியின் கணவர். திரிங்காப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவது அவர் வேலை. லாரி முழுக்க வெங்காயத்தாள் வாசம். முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு குட்டி மின்விசிறி.

"வாங்க மச்சான். பஸ்ஸு மக்கர் பண்ணிருச்சா? இந்த ரோட்டுல அது அப்படித்தான் லா."

பேச்சின் முடிவில் ஒரு 'லா' சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். ஏரியைத் தாண்டி மேலே ஏறினோம். ஒரு பக்கம் சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரைகள், உள்ளே தக்காளியும் பூவும். ஊட்டியில் இவ்வளவு பிளாஸ்டிக் பார்த்ததில்லை. அடுத்த வளைவில் தேயிலை தொடங்கியது. அதன் பிறகு வேறெதுவும் இல்லை. பச்சை, பச்சையின் மேல் பச்சை, நடுவில் சிவப்பு மண் பாதை.

சுந்தரம் ஒரு வளைவில் கியரை மாற்றினார். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "மச்சான், எங்கண்ணன் ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வராரு. கீழ பீடோர் பக்கம் ஒரு சாமியார் வீடு இருக்காம். நாப்பத்தெட்டு நாள் அங்க இருந்தா சரியாயிருமாம். மாத்திரை எதுவும் தொடக் கூடாதாம். நீங்க பேசினா பூங்கொடி வேன்ல ஏறிரும்னு அண்ணன் சொல்றாரு."

"நீங்க என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?"

"எனக்கு என்ன லா தெரியும். லோரி ஓட்டத் தெரியும்."

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைனில், தன் வீட்டு வாசலில் பூங்கொடி நின்றிருந்தாள். தூங்கி எழுந்த முகம், பின்னாத முடி, கழுத்துவரை இழுத்து மூடிய கம்பளிச் சட்டை. மாலை நான்கு மணி. அவளுக்கு அந்த வாரம் தேயிலைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட்.

"வாங்கண்ணே. எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். முதல்ல சாப்பிடுங்க. சண்டை அப்புறம் போடலாம்."

நெத்திலி சம்பல், சுடுசோறு, வாணலியில் அப்போதுதான் வதக்கிய கீரை. அந்தக் கீரைக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. காலையில் தோட்டத்தில் பறித்ததை மாலையில் தின்பதால் இருக்கலாம், அவ்வளவு ருசி. தேயிலை மலைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அவள் கொடுத்த தேநீர், கடையில் வாங்கிய தூளில் கெட்டிப்பால் ஊற்றியது. கேட்டதற்கு, "நல்ல தூளெல்லாம் டூரிஸ்டுக்கு, நமக்கு இது போதும்" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் நேராகவே கேட்டாள்: "நிறுத்தச் சொல்ல வந்தீங்களா?"

"இல்லை" என்றேன். அந்த நேரம்வரை எனக்கே அது உறுதியாகத் தெரியாது.

அவள் தட்டுகளை ஒதுக்கி வைத்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். இரண்டு வருடமாகவே, விடிவதற்கு வெகுமுன்னே விழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். குளிக்கத் தோன்றாது, உலை வைக்கத் தோன்றாது. பக்கத்து டவுனான தானா ராத்தாவின் மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஓரளவு எழுந்துவிட்டாள். அப்போதுதான் சுந்தரத்தின் அண்ணன் மாணிக்கம் வீட்டுக்கு வந்தவர், அட்டைகளைப் பார்த்துவிட்டு அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிட்டுப் போனார்.

"அஞ்சு நாள் மாத்திரை இல்ல. தலைக்குள்ள சின்னச் சின்னதா கரண்ட் அடிக்கிற மாதிரி. பேக்டரியில அப்படியே தரையில உக்காந்துட்டேன். அதைப் பாத்துட்டு, மாத்திரைதான் என்னைக் கிறுக்காக்கிருச்சுன்னு அவரே ஊரெல்லாம் சொன்னாரு. எல்லாரும் என்ன காரணம், என்ன காரணம்னு கேக்குறாங்க. புருஷன் அடிச்சாரா, பிள்ளை ஓடிப்போனானான்னு. காரணம் இருந்தாத்தான் நோயா? சக்கரைக்காரங்ககிட்ட யாராச்சும் காரணம் கேக்குறாங்களா லா?"

அவள் குரல் கொஞ்சமும் தழுதழுக்கவில்லை. கோபமாகத்தான் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மலை முழுக்கக் கோலாலம்பூர்க் கார்கள். ஸ்ட்ராபெரி வடிவத்தில் தலையணை, குடை, தொப்பி என்று சாலையோரக் கடைகள் சிவந்து கிடந்தன. சாயங்காலம் பூங்கொடி வேலைக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். டூரிஸ்டுகள் தொழிற்சாலையின் முன்வாசல் வழியாக வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பின்வாசல் வழியாகப் போனோம்.

பறித்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுகிறார்கள். இரவெல்லாம் அதைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. வெட்டிய புல்லும் பழுத்த பழமும் கலந்தது போன்ற ஒரு வாசம் அந்தக் கூடம் முழுக்க. அவள் குனிந்து, இரண்டு கைகளாலும் கொழுந்தை அள்ளி உதறிப் போட்ட வேகத்தைப் பார்த்தேன். நோயாளி வேகம் இல்லை அது.

"ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட். மாறி மாறி வரும்" என்றாள்.

"மாத்திரை எப்போ சாப்பிடுறே?"

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதியிருக்கு. பகல் ஷிப்ட்னா ராத்திரி எட்டு மணிக்கு. நைட் ஷிப்ட்னா எனக்கு ராத்திரிச் சாப்பாடே காலையிலதானே? வீட்டுக்கு வந்து, தின்னுட்டு, போட்டுட்டுப் படுப்பேன்."

"டாக்டருக்கு ஷிப்ட் விஷயம் தெரியுமா?"

"கேக்கல. நானும் சொல்லல."

அந்த இரைச்சலில் நின்றுகொண்டே அவளிடம் என் எலிகளைப் பற்றிச் சொன்னேன். எலியின் மூளையில் செரட்டோனின் மாதிரியான பொருள்கள் ஒரே அளவில் நிற்பதில்லை. கடல் அலை மாதிரி ஒரு நாளுக்குள் ஏறி இறங்கும். எலி இரவில் விழித்திருக்கும் பிராணி, அதனால் அதன் அலை நம்முடையது மாதிரி இருக்காது. மருந்து கொடுத்தால் அலை மாறுகிறது. சில இடத்தில் உச்சம் முன்னால் வருகிறது, சில இடத்தில் தள்ளிப்போகிறது, சில இடத்தில் மேடும் பள்ளமும் குறைந்து சமதளமாகிவிடுகிறது. இதைப் பார்க்க நாள் முழுக்க, சில மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு தொகுதி எலிகளை எடுக்க வேண்டும். இருட்டு வேளையில் மங்கலான சிவப்பு விளக்கில்தான் எடுக்க வேண்டும். எடுத்த எலி உயிரோடு திரும்பக் கூண்டுக்குப் போகாது.

"ஏன் அத்தனை தடவை? ஒரு தடவை பாத்தா போதாதா?" என்றாள் பூங்கொடி.

"போதாது. காலையில மட்டும் பார்த்தா மருந்து ஏத்திவிட்டதுன்னு எழுதுவே. சாயங்காலம் மட்டும் பார்த்தா இறக்கிவிட்டதுன்னு எழுதுவே. மருந்து கொடுத்த எலியோட அலையும் கொடுக்காத எலியோட அலையும் ஒண்ணை ஒண்ணு வெட்டுற மணியில பார்த்தா, மருந்து ஒண்ணுமே பண்ணலைன்னு எழுதிட்டுப் போயிடுவே."

கிளறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அவரோட அண்ணன், பெரிய மாமா, என்னை எப்பவும் காலையில பத்து மணிக்குத்தான் வந்து பாக்குறாரு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்திருப்பேன். பொம்பளை பகல்ல தூங்குறா, மாத்திரை மயக்கம்னு போய்ச் சொல்றாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒருமுறை எங்கள் கூடத்தில் விளக்கின் டைமர் கெட்டுப்போய், இரண்டு நாள் இருட்டே வராமல் போயிற்று. எலிகள் தாறுமாறாகத் தின்றன, தாறுமாறாகத் தூங்கின. அந்தத் தொகுதியையே கணக்கில் சேர்க்காமல் விட்டோம். எலிக்கு விளக்கு மாறினால் பதறி ஓடி வருகிறோம். இவளுக்கு வாரா வாரம் இரவும் பகலும் இடம் மாறுகிறது, மாத்திரையும் கூடவே இடம் மாறுகிறது, ஒருவரும் கேட்கவில்லை.

"எலி மனுஷன் இல்ல. எலியைப் பார்த்து உனக்கு மாத்திரை சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா எந்த நேரத்துல சாப்பிடணும்னு டாக்டர்கிட்ட கேக்கலாம். திங்கக்கிழமை போவோம்" என்றேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கு வேன் வந்தது. பூங்கொடி வேலை முடிந்து வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. மாணிக்கம் இறங்கினார். ஓய்வு பெற்ற கிராணி, அதாவது எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கர். கோயில் கமிட்டித் தலைவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. உறவு முறைப்படி நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும்.

"வாங்க தம்பி. ஊர்ல எல்லாரும் சுகமா? பேசிட்டீங்களா? துணிமணி எடுத்து வெக்கச் சொல்லுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கிரலாம்."

"அவ வரலை மாமா."

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? நீங்க மருந்து படிச்சவரு. அந்த மாத்திரை மூளையைத் தின்னுரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நான் மருந்து படிச்சவன் இல்ல. எலி வளக்குறவன். பதினெட்டு வருஷமா எலி வளக்குறேன்."

"எலி வளக்குறவரு பேச்சைக் கேட்டு வீட்டுப் பொம்பளையைக் கெடுக்கணுமா?"

அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். நான் உள்ளே போய்த் தோள்பையைத் திறந்து என் அட்டையை எடுத்து வந்தேன். எல்லாரும் பார்க்கும்படி அதை நீட்டினேன்.

"இது என்னோடது. ரெண்டு வருஷமா சாப்பிடுறேன். ஒரு நாள் ஒரு சின்னக் கூண்டைத் தூக்க முடியாம அப்படியே தரையில உக்காந்தவன் நான். இப்ப தூக்குறேன். இந்த மாத்திரைக்காக எத்தனை எலியை இந்தக் கையால எடுத்துக் கொடுத்திருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். அதுங்க செத்தது நீங்க சாக்கடையில கொட்டுறதுக்கு இல்ல."

மாணிக்கம் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். "சுந்தரம், நான் உன் வீடு நாசமாப் போகக் கூடாதுன்னுதான் அலையுறேன். அம்மா அப்பா இருந்தா இதைப் பாத்துக்கிட்டு இருப்பாங்களா?" அவர் குரல் உண்மையிலேயே உடைந்தது. கெட்டவர் இல்லை அவர். அந்தக் குரல் உடையாமல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பூங்கொடி கதவுக்கு வெளியே வந்தாள். ஒரு கையில் தண்ணீர்க் குவளை, இன்னொரு கையில் அட்டை. அந்த வாரத்துக் கணக்கில் அதுதான் அவள் மாத்திரை நேரம்.

"பெரிய மாமா, உங்க முன்னாலதான் சாப்பிடப் போறேன். ஒளிச்சு ஒளிச்சு சாப்பிட்டு எனக்கு அலுத்துருச்சு. பாத்துக்குங்க." விழுங்கினாள். தண்ணீரைக் குடித்தாள். "வேன்ல நான் ஏறல. இழுத்து ஏத்தினீங்கன்னா தாப்பா வரைக்கும் கத்திக்கிட்டே வருவேன்."

அப்போது சுந்தரம், வாசற்படியில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்தார்.

"அண்ணே, வேனை எடுத்துட்டுப் போங்க."

"சுந்தரம்!"

"போங்கண்ணே. பூங்கொடி தூங்கணும். நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்திருக்கு."

வேன் திரும்புவதற்கு அந்த இடத்தில் அகலம் போதவில்லை. முன்னும் பின்னுமாக ஏழெட்டு முறை எடுத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. அத்தனை நேரமும் நாங்கள் அங்கேயே நின்றோம், அவரும் எங்களைப் பார்க்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். நிறுத்தச் சொல்லவில்லை, நானும் அதைத்தான் சாப்பிடுகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா போனை வைத்துவிட்டாள். மறுநாள் அவளாகவே கூப்பிட்டு, அங்கே குளிருக்குக் கம்பளி கொடுத்தார்களா என்று கேட்டாள். மாத்திரை பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

திங்கள்கிழமை தானா ராத்தா. மருத்துவமனை திறப்பதற்கு முன்பே போய்விட்டதால் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரருக்குப் பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம். நான் சென்னைக்காரன் என்றதும், ரொட்டி சானாய்க்கு மாவை வீசிக்கொண்டே, "அங்க பரோட்டாவை அடிச்சு நொறுக்கித் தருவாங்க, இங்க வீசித் தருவோம், தின்னு பாத்துட்டு எது உசத்தின்னு சொல்லுங்க சார்" என்றார். தின்றுவிட்டு, ரொட்டி இங்கே, சால்னா அங்கே என்று தீர்ப்புச் சொன்னேன். அந்தத் தீர்ப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். பூங்கொடி மலாயில் சொல்ல, அவர் எழுதிக்கொண்டே வந்தார். பூங்கொடி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷிப்ட் பற்றிச் சொன்ன இடத்தில் டாக்டரின் பேனா நின்றது.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டார்.

"யாரும் கேக்கல" என்று பூங்கொடி மலாயில் சொல்லிவிட்டு, அதையே எனக்குத் தமிழிலும் சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, அது எங்கள் தவறு என்றார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எலிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் எலிகள் ஷிப்ட் வேலை பார்க்குமா?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். இந்த விஷயத்தில் மனிதர்களைப் பற்றி இன்னும் எல்லாம் தெரிந்துவிடவில்லை, ஆனால் ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்வதும் ஒழுங்காகத் தூங்குவதும் நிச்சயம் உதவும் என்றார். இவளுக்குக் காலை நேரம் சரி வரும் என்றும், எப்படி மாற்றிக்கொள்வது என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தானாக நிறுத்தவே கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார். பிறகு எஸ்டேட் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம்: இவருக்குச் சில மாதங்களுக்குப் பகல் ஷிப்ட் மட்டும் தர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதத்தோடு தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனோம். இப்போதைய கிராணி வயதில் சின்னவர், கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை முழுதாகப் படிக்காமலே தள்ளினார்.

"அக்கா, ஒரு ஆளுக்கு மட்டும் ரோஸ்டர் மாத்த முடியாது. நாளைக்கு எல்லாரும் இந்த மாதிரி லெட்டர் கொண்டாந்தா நான் என்ன பண்றது?"

"கொண்டாரட்டும்" என்றாள் பூங்கொடி.

"மேனேஜர் பிஸியா இருக்காரு."

"நான் பிஸியா இல்ல. நிக்கிறேன்."

நின்றாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. நானும் கூட நின்றேன். என் முழங்கால் ஒரு மணி நேரத்தில் கெஞ்சத் தொடங்கியது. சுவரில் மாட்டியிருந்த தேயிலைப் படங்களை நான்கு முறை பார்த்து முடித்துவிட்டேன். மேனேஜர் வெளியே வந்தபோது பூங்கொடி வழியை மறித்துக் கடிதத்தை நீட்டினாள். அவர் நின்றுகொண்டே படித்தார். கிராணியிடம் மலாயில் ஏதோ கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் பகல் ஷிப்ட். ஆனால் வாட்டும் தொட்டியில் பகலுக்கு ஆள் இருக்கிறது, அதனால் தூள் சலிக்கும் பக்கம் போக வேண்டும்.

வெளியே வந்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. "எட்டு வருஷமா தொட்டியில நிக்கிறேன் அண்ணே. கொழுந்தைத் தொட்டுப் பாத்தே பதம் சொல்லுவேன். சலிக்கிற இடத்துல தூசிதான்." சற்றுத் தூரம் நடந்தாள். "பரவால்ல. மூணு மாசம் கழிச்சுத் திரும்பக் கேப்பேன். தரலைன்னா திரும்ப நிப்பேன்."

புதன்கிழமை மாலை மழை. அடுத்த வீட்டு சரஸ் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மெஷின் பிடிக்கிறவள். சர்க்கரை கேட்டாள். பூங்கொடி கொடுத்தாள். வாங்கிக்கொண்டும் போகவில்லை. பிறகு ரவிக்கைக்குள் வைத்திருந்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஓர் அட்டை.

"ஐயா, ஞாயித்துக்கிழமை நீங்க காட்டுனீங்களே. இதுவும் அதுதானா பாருங்க. ஒரு வருஷமா வெச்சிருக்கேன். ஒரு நாள் போடுவேன், ஒரு நாள் பயந்துக்கிட்டு விட்டுருவேன். மகனுக்குத் தெரியாது."

அதுவும் அதுதான். நான் எலி வளர்ப்பவன், எனக்குச் சொல்லத் தெரியாது, டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள்.

"கடைசி வீட்டுப் பொண்ணும் வெச்சிருக்கு. அந்தப் பக்கத்து லைன்ல ஒருத்தி. நான் மட்டும்தான்னு இத்தனை நாள் நினைச்சிருந்தேன்."

பூங்கொடி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள். "நாளைக்குக் காலையில நான் லீவு கேட்டிருக்கேன், அண்ணனை பஸ் ஏத்திவிட. எப்படியும் தானா ராத்தா போகணும். எல்லாரையும் வரச் சொல்லு, டாக்டரைப் பாத்துட்டு வருவோம்."

வியாழன் காலை எட்டு மணிக்குப் பூங்கொடியின் பழைய கார், அவள் பேச்சில் கெரேத்தா, லைன் முன்னால் நின்றது. பின்னிருக்கையில் சரஸ். கடைசி வீட்டுப் பெண், கைக்குழந்தையோடு. பக்கத்து லைன் பெண், முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு. முன்னிருக்கையில் நான் எதிர்பார்க்காத ஒருத்தி, எழுபது வயதிருக்கும், முழுச் சேலையும் நகையும் போட்டுக் கல்யாணத்துக்குப் போவது மாதிரி கிளம்பி உட்கார்ந்திருந்தாள். அவள் யாரென்று கேட்க எனக்குச் சமயம் கிடைக்கவில்லை.

எதிரே இருந்த கோயில் வாசலில் மாணிக்கம் நின்றிருந்தார், கையில் அர்ச்சனைத் தட்டு. காரைப் பார்த்தார், உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பக்கத்து லைன் பெண் முக்காட்டை இன்னும் இழுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைத் தலையிலிருந்து முழுதாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

நான் பையோடு கார்க் கதவருகே நின்றேன். பூங்கொடி கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணே, உங்களுக்கு இடமில்ல. அவரு லோரி இப்பத்தான் கீழ இறங்குது, அதுல ஏறித் தாப்பாவுல போய் பஸ்ஸைப் பிடிச்சுக்குங்க. ஆஸ்பத்திரிக்கு எங்களுக்கு நேரமாச்சு லா."